செட்ஜ்விக்கின் ஊர்கள்: பெர்க்‌ஷயர் பயணக் குறிப்புகள்

வெள்ளி, லிச்ஃபீல்ட்

அமெரிக்கக் குடியரசின் முதல் தலைமுறைத் தலைவர்களில் வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன் ஆகியோரைத் தாண்டி வேறு பெயர்கள் நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. தியோடர் செட்ஜ்விக் அப்படிப் பழக்கமில்லாமல் போனவர். வழக்கறிஞர், மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர், அமெரிக்கக் காங்கிரசின் இரண்டு அவைகளிலும் உறுப்பினர், பிரதிநிதிகள் அவையின் சபாநாயகர், கடைசியில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி என்று அவர் ஏறாத படிகள் குறைவு. ஆனாலும் இன்று யாராவது அவரை நினைவுகூர்ந்தால், அது பெரும்பாலும் 1781-இல் அவர் நடத்திய ஒரு வழக்குக்காகத்தான். அந்த வழக்கில் அவருடைய கட்சிக்காரர்களில் ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அடிமைப் பெண். எதிர்த்தரப்பில் நின்றவரோ செட்ஜ்விக்குடன் ஒரே மேசையில் உட்கார்ந்து அரசியல் பேசிய கனவான். இந்த முரண்தான் என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்தது.

செட்ஜ்விக் பிறந்தது 1746 மே மாதம், இன்றைய வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில். அது இப்போது முழுக்கப் புறநகர்; அங்கே நிற்காமல் மேற்கு நோக்கி வந்துவிட்டேன். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கனெக்டிகட்டின் மலைப்பக்கமான கார்ன்வாலுக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, மூத்த அண்ணன் ஜான்தான் தம்பியை யேல் கல்லூரிக்கு அனுப்பினார். பட்டம் வாங்காமலேயே தம்பி கல்லூரியை விட்டு வெளியேறினார் என்பது வேறு கதை. இந்த அண்ணனின் பேரன்தான் உள்நாட்டுப் போரில் ஸ்பாட்சில்வேனியாவில் 1864-இல் சுடப்பட்டு இறந்த தளபதி ஜான் செட்ஜ்விக். கார்ன்வால் ஹாலோவில் தளபதிக்குப் பெரிய நினைவுச்சின்னம் இருப்பதால், செட்ஜ்விக் என்று சொன்னாலே இந்தப் பக்கத்தில் பலருக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

அக்காலத்தில் சட்டம் படிக்கக் கல்லூரி எதுவும் இல்லை. அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் சேர்ந்து, அவருடைய புத்தகங்களைப் படித்து, மனுக்களை நகலெடுத்து, நீதிமன்றத்துக்குக் கூடவே போய் வந்து கற்றுக்கொள்வதுதான் வழக்கம். செட்ஜ்விக் முதலில் மதக் கல்வியில் கால் வைத்து, பிறகு மாசசூசெட்ஸின் கிரேட் பேரிங்டனில் மார்க் ஹாப்கின்ஸ் என்பவரிடம் இப்படிச் சட்டம் பயின்று, 1766-இல் தமது இருபதாவது வயதில் வழக்கறிஞரானார். இந்த முறையை மாற்றியவர் கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டில் வாழ்ந்த டாப்பிங் ரீவ். தமது மைத்துனர் ஏரன் பர்ருக்கு வீட்டில் பாடம் சொல்லத் தொடங்கியவர், மாணவர் எண்ணிக்கை பெருகியதால் 1784-இல் வீட்டை ஒட்டி ஒரே அறை கொண்ட ஒரு சிறு பள்ளிக்கூடம் கட்டினார். அந்த வீடும் பள்ளியும் சௌத் ஸ்ட்ரீட்டில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 1833-இல் மூடப்படுவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே சட்டம் கற்றார்கள். அவர்களில் இருவர் பிற்காலத்தில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர்கள். இவ்வளவு சிறிய அறையிலா என்று கேட்கத் தோன்றுகிறது.

நான் இங்கே வந்ததற்குக் காரணம், பள்ளி கட்டுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால் ரீவ் மாநில எல்லையைத் தாண்டிச் சென்று செட்ஜ்விக்குக்குத் துணையாக அந்த வழக்கில் வாதாடினார் என்பதே.

சனி, ஆஷ்லி ஃபால்ஸ்

ஏழாம் எண் நெடுஞ்சாலை ஹூசடானிக் ஆற்றின் போக்கிலேயே வடக்கே செல்கிறது. ஆறு இங்கே அவசரமே இல்லாமல் வளைந்து வளைந்து ஓடுகிறது; இருபுறமும் மக்காச்சோள வயல்கள். கனெக்டிகட் எல்லையைத் தாண்டியதும் வரும் முதல் மாசசூசெட்ஸ் ஊர்ப்பகுதி ஆஷ்லி ஃபால்ஸ். ஷெஃபீல்ட் நகரத்தைச் சேர்ந்த இந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் ஆஷ்லி, மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் வைத்திருந்தவர், பெர்க்ஷயர் மாவட்டத்தின் உரிமையியல் நீதிமன்றத்தில் நீண்டகாலம் நீதிபதியாக இருந்தவர், ராணுவத்தில் கர்னல் பட்டம் பெற்றவர். அவர் 1735-இல் கட்டிய மரவீடு 1930-இல் பழைய இடத்திலிருந்து சற்றுத் தொலைவு நகர்த்தப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

மாடியில், மரவேலைப்பாடு செய்த சுவர்களுடன் ஒரு படிப்பறை உள்ளது. 1773 ஜனவரியில் ஷெஃபீல்டின் முக்கியஸ்தர்கள் பதினொரு பேர் இந்த அறையில் கூடி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அத்துமீறல்களைக் கண்டித்துத் தீர்மானங்கள் எழுதினார்கள். அந்தக் குழுவில் முன்னின்று எழுதியவர்களில் ஒருவர், இருபத்தாறு வயதான செட்ஜ்விக். மனிதர்கள் இயற்கை நிலையில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், ஒருவரையொருவர் சார்ந்திராதவர்கள் என்றும், தம் உயிரையும் உரிமையையும் உடைமையையும் இடையூறின்றி அனுபவிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும் அதன் முதல் தீர்மானம் சொல்கிறது. ஜெஃபர்சனின் சுதந்திரப் பிரகடனத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது இது. அந்தப் பதினொரு பேரும் வாசகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது கீழே சமையலறையில் ஆஷ்லியின் அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். உடைமை என்ற சொல் அவர்களையும் சேர்த்தே குறித்தது என்பதில் மேலே இருந்த எவருக்கும் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை.

கீழே இருந்தவர்களில் ஒருவர் பெட். ஏறத்தாழ 1744-இல் நியூயார்க்கின் கிளாவராக்கில், ஹோக்பூம் என்ற டச்சுக் குடும்பத்தின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். அந்தக் குடும்பத்துப் பெண் ஹன்னா ஆஷ்லிக்கு மனைவியாக வந்தார். பெட்டும் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஹன்னாவின் கோபம் ஊரறிந்தது. ஒருநாள் அவர் அடுப்பில் பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியால் லிஸி என்ற பெண்ணை அடிக்க ஓங்கியபோது, பெட் குறுக்கே பாய்ந்து அந்த அடியைத் தம் கையில் வாங்கினார். எலும்புவரை இறங்கிய அந்தக் காயத்தின் தழும்பை அவர் அதன்பின் மறைக்கவே இல்லை. வந்தவர்கள் எஜமானியின் முன்னிலையிலேயே கையில் என்ன என்று கேட்டால், அம்மாவிடமே கேளுங்கள் என்பாராம். செட்ஜ்விக்கின் மகளும் பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளருமான கேதரின், பெட்டின் வாயாலேயே கேட்டு எழுதிவைத்த செய்தி இது.

சமையலறை அடுப்பின் அருகில் நின்றுவிட்டு மறுபடி மாடிக்குப் போனேன். மரப்படிகள் சில வினாடிகளில் ஏறிவிடக்கூடியவை. மேலே பேசிய பேச்சு கீழே கேட்காமல் இருந்திருக்க வழியே இல்லை.

ஞாயிறு, ஷெஃபீல்டும் கிரேட் பேரிங்டனும்

1780-இல் மாசசூசெட்ஸ் தனக்கென்று அரசமைப்புச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஜான் ஆடம்ஸ் வரைந்த அதன் முதல் உறுப்பு, மனிதர் அனைவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று தொடங்குகிறது. யாரோ உரக்கப் படித்த அத்தகைய வாசகம் ஒன்று பெட்டின் காதில் விழுந்தது. கேதரின் எழுதியபடி, மறுநாளே அவர் செட்ஜ்விக்கின் அலுவலகத்துக்குப் போய், தாம் வாயில்லாப் பிராணி இல்லை என்றும், அந்தக் காகிதம் சொல்லும் சுதந்திரத்தைச் சட்டம் தமக்குத் தராதா என்றும் கேட்டார்.

ஷெஃபீல்டின் பிரதான வீதியில் 2022 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்ட பெட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. வாதாடிய வழக்கறிஞருக்குச் சிலை இல்லை. அதில் தவறும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் செட்ஜ்விக் என்ன செய்தார் என்பது சட்டம் படித்தவர்களுக்குச் சுவையான கதை. விடுதலை கோரி உணர்ச்சிகரமான மனு எதையும் அவர் எழுதவில்லை. ரிப்ளெவின் என்ற பழைய ஆங்கிலச் சட்ட நடைமுறையைக் கையில் எடுத்தார். ஒருவருடைய மாட்டையோ வண்டியையோ மற்றொருவர் உரிமையின்றிப் பிடித்து வைத்திருந்தால் அதை மீட்க உதவுவது அது. பெட்டையும் பிரோம் என்ற இன்னோர் அடிமையையும் விடுவிக்குமாறு நீதிமன்ற ஆணை போயிற்று. இவர்கள் என் அடிமைகள், விட முடியாது என்று ஆஷ்லி மறுத்தார். அந்த மறுப்பைத்தான் செட்ஜ்விக் எதிர்பார்த்தார். அடிமை என்ற நிலை இந்த மாநிலத்தில் சட்டப்படி இருக்கிறதா என்ற கேள்வி அதனால் தானாகவே ஜூரிகளின் முன் வந்து நின்றது.

வழக்கு 1781 ஆகஸ்டில் கிரேட் பேரிங்டனில், மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. ஆஷ்லிக்கு டேவிட் நோபிள், ஜான் கேன்ஃபீல்ட் என்ற இரு வழக்கறிஞர்கள். பெட்டுக்கும் பிரோமுக்கும் செட்ஜ்விக்கும் ரீவும். அரசமைப்பின் முதல் உறுப்பு அமலில் இருக்கும்போது அடிமைமுறைக்கு இடமில்லை என்பதுதான் வாதத்தின் சாரம். பிரோமும் பெட்டும் ஆஷ்லியின் சட்டபூர்வ அடிமைகள் அல்லர் என்று ஜூரிகள் தீர்ப்பளித்து, முப்பது ஷில்லிங் இழப்பீடும், ஐந்து பவுண்டு பதினான்கு ஷில்லிங் நான்கு பென்ஸ் வழக்குச் செலவும் தரச் சொன்னார்கள். ஆஷ்லி மேல்முறையீடு செய்தார். ஆனால் அக்டோபரில் அதைக் கைவிட்டார். அதே காலத்தில் வூஸ்டரில் குவாக் வாக்கர் என்ற அடிமையின் விடுதலை தொடர்பான வழக்குகள் நடந்தன. 1783-இல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் ஜூரிகளுக்கு அளித்த விளக்கமும் இதே முதல் உறுப்பைத்தான் பிடித்துக்கொண்டது. 1790-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸின் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம் என்று பதிவாயிற்று.

கிரேட் பேரிங்டனின் பழைய நீதிமன்றக் கட்டடம் இன்று இல்லை. 1787-இல் மாவட்ட நீதிமன்றம் லெனாக்ஸுக்குப் போய்விட்டது. போவதற்கு முந்தைய ஆண்டில் இங்கே நடந்ததை நினைத்துக்கொண்டு வீதியில் சிறிது நேரம் நடந்தேன். 1786 செப்டம்பரில் சுமார் எண்ணூறு விவசாயிகள் திரண்டு வந்து, பெட்டுக்கு விடுதலை தந்த அதே நீதிமன்றத்தை நடக்கவிடாமல் தடுத்து, சிறையைத் திறந்து கடனாளிகளை வெளியே விட்டார்கள். சுதந்திரப் போரில் சம்பளமின்றியோ மதிப்பிழந்த காகிதப் பணத்துக்கோ சண்டையிட்டுத் திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தனர். வரியையும் கடனையும் நாணயமாகவே கட்டு என்று அரசு சொன்னது; கட்ட முடியாதவனின் நிலமும் மாடும் ஏலத்துக்குப் போயின. ஷேஸ் கிளர்ச்சி என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

செட்ஜ்விக் எந்தப் பக்கம் நின்றார் என்று சொல்ல வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர்களின் வழக்கறிஞர் அவர். நீதிமன்றக் கதவை மூட வந்த கூட்டம் அவருக்குக் கலகக் கும்பல் மட்டுமே. பெட்டின் வழக்கை வைத்து அவரை ஏழைப்பங்காளராகக் கற்பனை செய்துகொண்டு வருபவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். எழுதிக் கையெழுத்திட்ட பத்திரம் எழுதியபடியே செல்லும் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. அந்தப் பத்திரம் அரசமைப்பாக இருந்தபோது ஓர் அடிமைப் பெண் பயனடைந்தார். கடன்சீட்டாக இருந்தபோது ஒரு விவசாயி நிலமிழந்தார். இரண்டையும் செய்தவர் ஒரே ஆள்தான். அவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

ஷெஃபீல்டிலிருந்து எக்ரிமான்ட் போகும் சாலையோரத்தில் ஒரு சிறிய கல்தூண், கிளர்ச்சியின் கடைசிச் சண்டை 1787 பிப்ரவரி 27 அன்று இங்கே நடந்ததாகச் சொல்கிறது. கிளர்ச்சியாளர்களை இங்கே எதிர்கொண்ட உள்ளூர்ப் படையின் தலைவர் ஜான் ஆஷ்லியின் மகன். அப்பாலேச்சியன் நெடும்பாதை இதன் பக்கத்திலேயே சாலையைக் கடக்கிறது. முதுகுப்பையுடன் வந்த இரண்டு நடைபயணிகள் கல்லில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

திங்கள், ஸ்டாக்பிரிட்ஜ்

1785-இல் செட்ஜ்விக் ஷெஃபீல்டை விட்டு ஸ்டாக்பிரிட்ஜில் வீடு கட்டிக் குடியேறினார். எலிசபெத் ஃபிரீமன் என்று புதுப்பெயர் சூடிக்கொண்ட பெட்டும் கூடவே வந்தார். ஆஷ்லி சம்பளம் தருகிறேன் என்று அழைத்தும் போகாமல், செட்ஜ்விக் குடும்பத்தில் கூலிக்கு வேலை செய்வதையே அவர் தேர்ந்தெடுத்திருந்தார். குழந்தைகள் அவரை மம்பெட் என்று அழைத்தார்கள். பிரதான வீதியில் அந்த வெள்ளை வீடு இன்றும் குடும்பத்தாரின் வசமே இருப்பதால், தெருவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன கடைசிச் சண்டைக்குச் சற்றுமுன், கிளர்ச்சியாளர்கள் முதலில் நுழைந்தது இந்த ஊரில்தான். செட்ஜ்விக் அன்று வீட்டில் இல்லை. வெள்ளிப் பாத்திரங்களை மம்பெட் தம் சொந்தப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டு, வந்தவர்களைக் கணப்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே வீடு முழுவதும் நடத்திக் காட்டினார். அவர்கள் அந்தப் பெட்டியையும் திறக்கப் போனபோது, என்னைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெட்டியைத் துழாவும் அளவுக்கு இறங்கிவிட்டீர்களா என்று கேட்டு அவர்களைக் கூசவைத்து அனுப்பினாராம். கடனாளிகளின் கோபத்திலிருந்து கடன்காரரின் வெள்ளியைக் காத்தவர் முன்னாள் அடிமை. சற்று நெருடலான காட்சி இது.

சபாநாயகராகச் செட்ஜ்விக் வளர்ந்த கதையை இங்கேயே சொல்லிவிடலாம். 1785 முதல் பழைய கூட்டமைப்புக் காங்கிரசில் இருந்தார். 1788-இல் புதிய கூட்டாட்சி அரசமைப்பை மாசசூசெட்ஸ் ஏற்றுக்கொண்ட மாநாட்டில் அதற்காக வாதாடினார். 1789-இல் தொடங்கிய முதல் காங்கிரசிலேயே பிரதிநிதிகள் அவைக்குப் போனார். ஹாமில்டனின் நிதித் திட்டத்துக்கும், மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசு ஏற்பதற்கும் அவர் உறுதியான ஆதரவாளர். 1796 முதல் 1799 வரை செனட்டர். 1799 முதல் 1801 வரை சபாநாயகர். தலைநகர் வாஷிங்டனுக்கு மாறியபின் அங்கே கூடிய முதல் அவையை நடத்தியவர் அவர். கட்சிப்பற்று அவரிடம் கொஞ்சம் மிஞ்சியே இருந்தது: எதிர்க்கட்சிப் பத்திரிகை ஆசிரியர் சாமுவேல் ஹாரிசன் ஸ்மித்தை 1801 ஜனவரியில் அவைக்குள் வரக்கூடாது என்று தடுத்தார். அடுத்த மாதம் ஜெஃபர்சனும் பர்ரும் சமவாக்குப் பெற்று நின்ற குடியரசுத் தலைவர் தேர்தல் அவைக்கு வந்தபோது, ஜெஃபர்சன் வெல்ல முப்பத்தாறு சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. செட்ஜ்விக்கின் அரசியல் கட்சியினர் விடாப்பிடியாகப் பர்ரின் பக்கம் நின்றார்கள். லிச்ஃபீல்டில் ரீவ் முதன்முதலில் பாடம் சொன்ன அதே பர்.

இவற்றுக்கெல்லாம் இடையில் ஒரு சங்கடமான பக்கமும் உண்டு. எஜமானனிடமிருந்து தப்பி வேறு மாநிலத்துக்கு ஓடியவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்கிறது கூட்டாட்சி அரசமைப்பு. அதை நடைமுறைப்படுத்த 1791-இல் அவையில் மசோதா வரைந்த மூவர் குழுவில் செட்ஜ்விக்கும் ஒருவர். அந்த மசோதா நிறைவேறவில்லை. செனட் எழுதிய வேறொன்றுதான் 1793-இல் சட்டமாயிற்று. இருந்தாலும் பெட்டின் வழக்கறிஞர் அந்தப் பணியை ஏற்றார் என்பதை எளிதில் கடந்துபோக முடியாது. அரசமைப்பு சொல்லிவிட்டது, ஆகவே சட்டம் வேண்டும் என்று அவர் எண்ணியிருப்பார். பெட்டுக்கு உதவிய அதே மனப்போக்கு ஊர்பேர் தெரியாத ஒருவரைச் சங்கிலிக்குத் திருப்பி அனுப்பவும் உதவும்.

குடும்பத்துக்கும் இந்த அரசியல் வாழ்க்கை மலிவாகக் கிடைக்கவில்லை. முதல் மனைவி எலிசா 1771-இல் பெரியம்மையில் இறந்தார். இரண்டாவது மனைவி பமேலா டுவைட், பத்துக் குழந்தைகளைப் பெற்று ஏழு பேரை வளர்த்தவர். கணவர் ஆண்டில் பல மாதங்கள் நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் இருக்க, குளிர்காலங்களில் தனித்திருந்த அவரை மனச்சோர்வு பற்றிக்கொண்டது. 1807-இல் மறையும் வரை அது முழுதாக விடவில்லை. அந்த நாட்களில் அவருக்கு ஆறுதலாக அருகில் இருந்தவர் மம்பெட் என்று கேதரின் எழுதுகிறார்.

ஊர்க் கல்லறையில் செட்ஜ்விக் குடும்பத்துக்கென்று தனிப்பகுதி உண்டு. நடுவில் தியோடரும் பமேலாவும். அவர்களைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சந்ததியினர், கால்கள் நடுவை நோக்கியிருக்கும்படி புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இறுதித் தீர்ப்பு நாளில் எழும்போது செட்ஜ்விக்குகளைத் தவிர வேறு யாரையும் பார்க்க நேராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஊரில் கேலி பேசுகிறார்கள். உள்வட்டத்திலேயே, கேதரினுக்கு அருகில் எலிசபெத் ஃபிரீமனின் கல் இருக்கிறது. 1829 டிசம்பர் 28 அன்று, ஏறத்தாழ எண்பத்தைந்து வயதில் இறந்தார் என்று தொடங்கும் வாசகம், அவர் அடிமையாகப் பிறந்து முப்பது ஆண்டுகள்வரை அடிமையாகவே இருந்ததையும், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் தம் வட்டத்தில் அவருக்கு இணையோ மேலோ இல்லை என்பதையும் சொல்லி, நல்ல தாயே, சென்று வருக என்று முடிகிறது. அன்பான வாசகம்தான். ஆனால் சொந்தச் சம்பாத்தியத்தில் இதே ஊரில் வீடு வாங்கியவர், தம் பெயரில் வழக்காடி வென்றவர் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது.

செவ்வாய், பாஸ்டன்

பாய்ல்ஸ்டன் வீதியில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் செட்ஜ்விக் குடும்பத்தின் கடிதங்களும் ஆவணங்களும் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் காட்சியில் இருப்பதில்லை. ஆனால் முக்கியமான பலவற்றைச் சங்கத்தின் இணையதளத்திலேயே தெளிவாகப் பார்க்கலாம். 1811-இல் செட்ஜ்விக்கின் மருமகள் சூசன் தந்தத்தில் வரைந்த மம்பெட்டின் சிறு ஓவியம் அவற்றில் ஒன்று. நீல உடை, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் பொன்மணி மாலை. அந்த மணிகளைக் கொண்டு கேதரின் பிற்பாடு செய்வித்த கைவளையும் இதே சேகரிப்பில்தான் உள்ளது.

இன்னொரு காகிதமும் இங்கே இருக்கிறது. 1777 ஜூலை 1 தேதியிட்ட விலைச்சீட்டு அது. டான் என்ற கறுப்பின அடிமையை ஜான் ஃபெலோஸ் என்பவரிடமிருந்து வாங்கியவர் தியோடர் செட்ஜ்விக். சுதந்திரப் பிரகடனம் வெளியாகி ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. பெட்டின் வழக்குக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

அந்த நான்கு ஆண்டுகளில் அவர் மனம் மாறியதா, அல்லது சட்டம் மாறியதால் அவரும் மாறினாரா என்று யோசித்தால், நான் இரண்டாவதையே சொல்வேன். ஆனால் 1802-இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியான பிறகு அவர் எழுதிய ஒரு தீர்ப்பு என் கணக்கைக் கொஞ்சம் கலைக்கிறது. கிரீன்வுட் எதிர் கர்ட்டிஸ் என்ற 1810-ஆம் ஆண்டு வழக்கில், ஆப்பிரிக்கக் கரையில் நடந்த சரக்கு, அடிமை வியாபாரத்தில் எழுந்த கடனை மாசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் வசூலிக்கலாமா என்பது கேள்வி. ஒப்பந்தம் எழுதிய இடத்தில் செல்லுபடியானது, ஆகவே கடனைத் திருப்பித்தர வேண்டும் என்று தலைமை நீதிபதி தியோஃபிலஸ் பார்சன்ஸ் தலைமையிலான பெரும்பான்மை முடிவு செய்தது. வாழ்நாள் முழுவதும் பத்திரம் எழுதியபடி செல்ல வேண்டும் என்று வாதிட்ட செட்ஜ்விக், இந்த ஒரு பத்திரத்தை மட்டும் நீதிமன்றம் தொடக்கூடாது என்று தனித்து மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். மூன்றாண்டுகள் கழித்து, 1813 ஜனவரி 24 அன்று பாஸ்டனில் இறந்தார்.